மிச்சம் பிடித்த பெட்ரோல்

ஹமீது சுல்தான் ஓட்டிவந்த டக்கோட்டா விமானம் உச்சிப்புளிக்குப் பக்கத்துப் பொட்டலில் இறங்கியபோது அதன் வலது எஞ்சின் ஏற்கெனவே நின்றுபோயிருந்தது. இடது எஞ்சின், சக்கரங்கள் தரையைத் தொட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே இருமி இருமி அடங்கியது. சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் போட்டுவிட்டுப் போன ஓடுதளம் அது. பாதிக்கு மேல் உடைமரம் முளைத்துக் கிடந்தது. மீதியில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஆடுகள் சிதறி ஓட, விமானம் மணலில் சக்கரம் புதைய நின்றது. உள்ளே இருந்த இருபது சொச்சம் பேரில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

1952ஆம் வருஷம், ஐப்பசி அடைமழைக் காலம். கொழும்பிலிருந்து திருச்சிக்குப் போகவேண்டிய விமானம். திருச்சிக்கு மேலே போய்ப் பார்த்தால் தரையே தெரியவில்லை. மதுரைப் பக்கமும் அப்படித்தான். மேகம் விலகும் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெளிச்சம் தெரிந்த ஒரே திசையான தென்கிழக்கே திருப்பிக்கொண்டு வந்து, பெட்ரோலின் கடைசிச் சொட்டில் ஹமீது சுல்தான் இங்கே இறக்கியிருந்தான்.

அவனுடைய சொந்த ஊர் புதுமடம், கூப்பிடு தூரத்துக் கடற்கரையில் இருந்தது. சற்று நேரத்தில் ஊரே திரண்டு வந்துவிட்டது. விமானத்திலிருந்து இறங்கியவன் ஜெய்னுலாபுதீன் மரைக்காயரின் மகன் என்று தெரிந்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. முன்னால் நின்ற பாக்கர் காக்கா, ஊரில் எல்லாரும் அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் டீக்கடைக்காரர், அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ். எங்கயோ போய் விழ இருந்தத எம்புள்ள நம்ம மண்ணுல கொண்டாந்து எறக்கிட்டான். அத்தன உசுரையும் காப்பாத்திட்டானே."

கைக்குழந்தையோடு வந்த நாகலெட்சுமி என்ற பயணி, தாய்வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள், அவன் காலில் விழப் போனாள். அவன் பதறிப்போய் விலகினான். "எம்புள்ளைக்கு உங்க பேரச் சொல்லித்தான்யா வளப்பேன்" என்றாள். பக்கத்தில் துணை விமானி நாகநாதன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான்.

நடந்தது என்ன என்பது அந்த இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும்.

காலையில் கொழும்பில் நாகநாதன் சொல்லத்தான் செய்தான். "சார், திருச்சி மூடிக்கெடக்கு போல. திரும்பி வர்றதுக்கும் சேத்துப் பெட்ரோல் போட்டுக்குவோம்." சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த ஆட்களின் முன்னால் ஹமீது சுல்தான் அவனைக் கடிந்துகொண்டான். "கொழும்புல பெட்ரோல் என்ன வெலைன்னு தெரியுமா ஒனக்கு? கம்பெனிய முழுகடிக்கவா பாக்குற? கிராம்பு மூட்டைய ஏத்தச் சொல்லு." நாகநாதன் இன்னொரு தடவையும் சொன்னான். இவன் காதில் வாங்கவில்லை.

சேதுக்கரை ஏர்வேஸ் சின்னக் கம்பெனி. மூன்று விமானங்கள்தான். பெட்ரோல் விலை ஏற ஏற மானேஜருக்குத் தூக்கம் போய்விட்டது. யார் குறைவாகப் பெட்ரோல் பிடித்துக்கொண்டு போய் வருகிறார்களோ அந்தக் கேப்டனின் தோளில் தட்டுவார். ஹமீது சுல்தானின் தோளில் அவர் பலமுறை தட்டியிருந்தார்.

பயணிகளை மாட்டுவண்டிகளில் ஏற்றி உச்சிப்புளி ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டு, இருவரும் இறக்கையின் நிழலில் உட்கார்ந்தார்கள். மானேஜர் மறுநாள் ரயிலில் வருவதாகத் தந்தி வந்திருந்தது. நடந்ததைப் பற்றி இருவரும் பேசவில்லை. அந்த வருஷம் விமானிகள் இரண்டு பேர் எங்கே உட்கார்ந்தாலும் பேசுவது ஒன்றைத்தான். அதைத்தான் பேசினார்கள்.

"எல்லாக் கம்பெனியையும் சர்க்காரு எடுத்து ஒண்ணாக்கப் போறது நெசந்தானா சார்?" என்று நாகநாதன் கேட்டான். அவன் பார்த்திபனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன். அப்பா வயலை ஈடு வைத்து அவனை மெட்ராஸில் விமானம் ஓட்டப் படிக்கவைத்திருந்தார்.

"நெசந்தான். டெல்லியில முடிவே பண்ணிட்டான்னு மீனம்பாக்கத்துல பேசிக்கிறான்."

"ஒண்ணாக்கிட்டா நம்மள எங்கன வைப்பான்? பெரிய கம்பெனிக்காரன் எல்லாம் மேல போயிருவான். நாம கடைசியில நிப்போம்."

"பறந்த மணியக் கணக்கு வச்சா நான் தப்பிச்சேன். வேலைக்குச் சேந்த தேதிய வச்சா நானும் ஒன் பக்கத்துலதான் நிக்கணும்."

"சம்பளம்?"

"அத ஏன் கேக்குற. தாலுகா ஆபீசு மாதிரி ஒரு கணக்குப் போட்டு வருசத்துக்கு இத்தன ஏத்தம்னு வச்சிருவான். இப்ப வாங்குறத விடக் கொறையும்னு ஒருத்தன் சொல்றான். பென்சன் உண்டுன்னு இன்னொருத்தன் சொல்றான். எவனுக்கும் தெரியல."

"பெட்ரோல் வெலை இப்படியே போனா, சர்க்காரு எடுக்குறதுக்குள்ள நம்ம கம்பெனி இருக்குமா சார்?"

பெட்ரோல் என்ற சொல் வந்ததும் ஹமீது சுல்தான் பேச்சை மாற்றினான். "ஆள் எடுக்கும்போது அவனவன் பேருல ஏதாச்சும் கரும்புள்ளி இருக்கான்னுதான் மொதல்ல பாப்பானாம். ஒரு கோளாறு இருந்தாலும் ஒதுக்கிருவான்." இதைச் சொன்னபோது அவன் நாகநாதனின் முகத்தைப் பார்க்கவில்லை. விமானத்தின் கீழே காய்ந்த மணலைக் கையால் அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் மத்தியானம் ஜெய்னுலாபுதீன் மரைக்காயர் வீட்டில் விருந்து. உயிர் தப்பியதற்கு நன்றியாக ஆடு அறுத்து ஊருக்கே சோறு போட்டார் அவர். முற்றத்துப் பந்தலில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்தார்கள். நாலைந்து பேருக்கு ஒரு பெரிய தாம்பாளம், அதைச் சகன் என்பார்கள். எல்லாரும் அந்த ஒரே தாம்பாளத்திலிருந்து அவரவர் பக்கமாக எடுத்துச் சாப்பிடவேண்டும். மரைக்காயர் நாகநாதனைக் கையைப் பிடித்து அழைத்துவந்து மகனுக்கு எதிரே உட்காரவைத்தார். "நீங்களும் இந்த வீட்டுப் புள்ளதான் தம்பி, கூச்சப்படாம சாப்புடுங்க" என்று நெய்ச்சோற்றின் மேல் நல்ல கறித்துண்டாகப் பார்த்து அவன் பக்கம் தள்ளிவைத்தார்.

காலை ரயிலில் வந்திறங்கிய மானேஜர் சைவம். அவருக்குத் தனியாக ஒரு நாற்காலி போட்டுப் பாலும் பழமும் வைத்திருந்தார்கள். அவர் பழத்தை உரித்துக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"மிஸ்டர் சுல்தான், இறக்கின விதத்தைப் பத்தி எல்லாரும் பெருமையா பேசறா. சந்தோஷம். ஆனா டாங்கில ஒண்ணுமே இல்லாம எப்படி இறங்கினேள்னு மெட்ராஸ்ல கேப்பா. விசாரணை வரும். கொழும்புல பெட்ரோல் கணக்குப் போட்டது யாரு?"

ஹமீது சுல்தானின் கை சோற்றில் இருந்தது. எதிர்ப்பக்கம் நாகநாதனின் கையும் அதே சோற்றில் இருந்தது. பந்தலில் பலரும் திரும்பிப் பார்த்தார்கள். வாப்பா மரைக்காயர் சிரித்த முகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். 'நான்தான் வேண்டாமென்றேன்' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அவன் நினைத்ததெல்லாம் கரும்புள்ளியைத்தான்.

"கணக்குப் போட்டது நாகநாதன். சரியாத்தான் இருக்கும்னு நான் நம்பிட்டேன்."

நாகநாதன் தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தான். மறுத்துச் சொல்லப்போகிறான் என்றுதான் ஹமீது சுல்தான் நினைத்தான். நாகநாதன் மரைக்காயரை ஒருமுறை பார்த்தான். பிறகு அவர் வைத்த கறித்துண்டை எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்கினான். எழுந்து கை கழுவப் போனான். அவன் பக்கத்துச் சோறு அப்படியே இருந்தது.

"அப்படியா சங்கதி" என்றார் மானேஜர். அவருக்கும் அது வசதியாக இருந்தது. கேப்டன் மேல் குற்றம் என்றால் கம்பெனியின் பெட்ரோல் சிக்கனம் வரைக்கும் தோண்டுவார்கள். துணை விமானியோடு போய்விட்டால் நல்லது.

உள்கட்டில் திரைக்குப் பின்னால் பரிமாறிக்கொண்டிருந்த ஹமீது சுல்தானின் அக்காள் சித்தி ஜுனைதா என்பவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது. தம்பி தண்ணீர் குடிக்க உள்ளே வந்தபோது அவள் கேட்டாள்.

"கேப்டன்னா யாரு தம்பி? கூட வந்தவரு போட்ட கணக்கு சரியான்னு பாக்க வேண்டியது நீ இல்லியா?"

"அதெல்லாம் ஒனக்குப் புரியாது லாத்தா."

"எனக்குப் புரியாதுதான். ஆனா அந்தத் தம்பி பாதிச் சோத்துல எந்திரிச்சுட்டாரு. நம்ம வீட்டுல யாரும் இதுவரைக்கும் அப்படி எந்திரிச்சதில்ல."

மதுரையிலிருந்து லாரியில் பெட்ரோல் பீப்பாய்கள் வந்தன. ஊர் இளைஞர்கள் உடைமரங்களை வெட்டி ஓடுதளத்தைச் சுத்தம் செய்தார்கள். விமானத்தை ஓட்டிக்கொண்டு போக மெட்ராஸிலிருந்து வேறொரு துணை விமானியை மானேஜர் வரவழைத்திருந்தார். நாகநாதனை ரயிலில் போகச் சொல்லிவிட்டார். அவன் ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது ஹமீது சுல்தான் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"நாகநாதன், நான் மெட்ராஸ்ல பேசி..."

"வேணாம் சார்." நாகநாதன் பெட்டியை வண்டியில் தூக்கி வைத்தான். "வேற எங்கன வச்சுச் சொல்லியிருந்தாலும் நான் மறுத்திருப்பேன். ஒரே தட்டுல கைய வச்சிருக்கும்போது சொன்னீங்க. ஒங்க வாப்பா மொகத்தப் பாத்துக்கிட்டு என்னத்தச் சொல்றது?"

விசாரணையில் நாகநாதன் உண்மையைத்தான் சொன்னான். ஆனால் கேப்டன் சொல்லுக்கும் மானேஜர் சொல்லுக்கும் எதிரே அது எடுபடவில்லை. அவனைக் கம்பெனி நீக்கியது. அடுத்த வருஷம் எல்லாக் கம்பெனிகளும் ஒன்றாகிச் சர்க்கார் கார்ப்பரேஷன் ஆனபோது, சேதுக்கரை ஏர்வேஸிலிருந்து எடுக்கப்பட்டவர்களில் கேப்டன் ஹமீது சுல்தான் இருந்தான். நாகநாதன் அப்போது எந்தக் கம்பெனியிலும் இல்லை. அவனை யாரும் எங்கேயும் எடுக்கவில்லை.

ஹமீது சுல்தானுக்கு ஊருக்குப் போவது பாரமாயிற்று. பாக்கர் காக்கா கடையில் யார் புது ஆள் வந்தாலும் விமானம் இறங்கிய கதை உண்டு. அவன் வந்திருக்கிறான் என்றால் கேட்கவே வேண்டாம். அவனை நடுவில் உட்காரவைத்துக்கொண்டே சொல்வார். காற்று எப்படி அடித்தது, அவன் எப்படிப் பிஸ்மில்லாஹ் சொல்லி இறக்கினான் என்று அவர் பார்த்தது போலவே சொல்வார். அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவான். போகப் போக இரண்டு பெருநாளைக்கு ஒருமுறை என்று ஊர்ப் பயணம் குறைந்தது. வாப்பா வரச்சொல்லி ஆள் அனுப்பினால் டூட்டி இருக்கிறது என்பான். மெட்ராஸில் கண்ணாடி முன் நின்று தோளில் கேப்டனின் நாலு பட்டை தைத்த சட்டையைப் போடும்போது, நாகநாதன் மென்று விழுங்கிய அந்தக் கறித்துண்டு ஞாபகம் வரும்.

சில வருஷம் கழித்து ஒரு நாள் மதுரைக்கு விமானம் கொண்டுவந்த இடத்தில் எஞ்சின் கோளாறு. சரியாக ஒரு நாளாகும் என்றார்கள். ஹமீது சுல்தான் பஸ் ஏறிப் பார்த்திபனூர் போனான். அங்கிருந்து நடந்து நாகநாதனின் ஊரை விசாரித்துக் கண்டுபிடித்தான். வீட்டில் அவன் மனைவி முத்தழகு இருந்தாள். யார் என்று சொன்னதும் அவள் முகம் கல்லாகிவிட்டது. ஆனாலும் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "வயல்ல இருக்காக" என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நாகநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பு வெட்டிக்கொண்டிருந்தான். ஹமீது சுல்தானைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றிவிட்டு நின்றான். வாங்க என்று சொல்லவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வரப்பில் உட்கார்ந்தான். ஹமீது சுல்தானும் உட்கார்ந்தான்.

என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று வந்திருந்தவனிடம் நாகநாதன் கேட்டது வேறு.

"கடைசியில எத வச்சு வரிசைப்படுத்துனாங்க சார்? பறந்த மணியா, சேந்த தேதியா?"

"ரெண்டையும் சேத்துத்தான்..." என்றான் ஹமீது சுல்தான்.

"அப்ப பெரிய கம்பெனிக்காரங்களுக்குத்தான் லாபம்."

"ஆமா."

"சம்பளம் கொறஞ்சுச்சா?"

"ரொம்பக் கொறையல. கூடவும் இல்ல."

"பெட்ரோலுக்கு இப்ப யாரு கணக்குப் பாக்குறா? கூடப் போட்டா ஏதாச்சும் சொல்றாங்களா?"

அவன் குத்திக்காட்டக் கேட்கவில்லை. அதுதான் ஹமீது சுல்தானுக்குத் தாங்கவில்லை. நாகநாதனின் கண்ணில் பழைய ஆசை இருந்தது. புதிதாக வந்த விமானம் எப்படி இருக்கிறது, இன்னார் கேப்டன் ஆகிவிட்டாரா, இன்னார் வேலையை விட்டு எங்கே போனார் என்று ஒன்றையும் விடாமல் கேட்டான். இறக்கையின் நிழலில் விட்ட பேச்சை அவன் இத்தனை நாளும் மனதில் வைத்துக்கொண்டே வரப்பு வெட்டியிருக்கிறான். தன்னை விட்டால் இதையெல்லாம் கேட்க அவனுக்கு இந்த ஊரில் வேறு யாரும் இல்லை. ஹமீது சுல்தான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். ஒவ்வொரு பதிலும் அவனுடைய இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டு சொல்வதாக இருந்தது. குனிந்த தலையை நிமிர்த்தவே முடியவில்லை.

கேள்விகள் ஓய்ந்ததும் அவன் சொன்னான். "நாகநாதன், நான் போய் உண்மையச் சொல்லிரப் போறேன். ஒங்கள நான்..." இத்தனை வருஷம் நீ, வா என்று பேசியவனை முதல்முறையாக நீங்கள் என்று சொல்லியிருந்தான்.

நாகநாதன் எழுந்து மண்வெட்டியைக் கையில் எடுத்தான். "சொல்றதுன்னா சொல்லுங்க சார். எங்கிட்ட வந்து சொல்லாதீங்க. அய்யா சாகுற வரைக்கும் நான் தப்புப் பண்ணிட்டேன்னுதான் நெனச்சிருந்தாரு. வயல ஈடு வச்சுப் படிக்க வச்சது வீணாப்போச்சேன்னு சொல்லிக்கிட்டேதான் போனாரு."

ஹமீது சுல்தான் திரும்ப நடந்தான். பஸ் வரும்வரை பார்த்திபனூர்ச் சாலையில் ஒரு புளியமரத்தடியில் நின்றான். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் அவனுடைய சட்டையைப் பார்த்து விமானம் ஓட்டுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்று சொன்னான்.

மெட்ராஸ் போன மறுநாளே மேலதிகாரியின் முன்னால் போய் நின்று நடந்ததைச் சொன்னான். கொழும்பில் நாகநாதன் இருமுறை சொன்னது, தான் அதட்டியது, சாப்பாட்டில் வைத்துப் பொய் சொன்னது எல்லாவற்றையும் சொன்னான். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

அவனைக் கேப்டன் பதவியிலிருந்து இறக்கித் துணை விமானியாக்கினார்கள். நாகநாதன் மேல் இருந்த குற்றத்தை நீக்கினார்கள். ஆனால் அவன் பறந்து வருஷக்கணக்காகிவிட்டது. திரும்பப் பரீட்சை எழுதி, கண்ணும் காதும் சோதித்து, மறுபடி பழகி, அவன் வேலையில் சேர இன்னும் வெகுகாலம் ஆயிற்று. ஆனாலும் சேர்ந்துவிட்டான். மீனம்பாக்கத்தில் இருவரும் எதிர்ப்படுவதுண்டு. நாகநாதன் தலையை அசைப்பான், போய்விடுவான். கேண்டீனில் மற்ற விமானிகள் கூடிச் சம்பளம், பெட்ரோல், பதவி உயர்வு என்று பேசும்போது ஹமீது சுல்தான் உள்ளே வந்தால் பேச்சு கொஞ்சம் தணியும். அவன் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போவான்.

அதற்குப் பிறகுதான் அவன் ஊருக்குப் போனான். முதலில் வாப்பாவிடம் சொன்னான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என் கையால அவருக்குச் சோறு போட்டேனேடா" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் பாக்கர் காக்கா கடைக்குப் போனான். பாம்பனிலிருந்து கருவாடு வாங்க வந்த வியாபாரிகள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். காக்கா வழக்கம்போலக் கதையைத் தொடங்கினார். ஹமீது சுல்தான் அவரை நிறுத்தினான்.

"அது அப்படி இல்ல காக்கா. பெட்ரோல் தீந்தது என்னால. போடச் சொன்ன ஆள நான் அதட்டுனேன். பொறவு பழிய அவர் மேல போட்டேன். அத்தன உசுரையும் சாகக் குடுக்க இருந்தவன் நான்தான். இப்ப நான் கேப்டனும் இல்ல."

பாக்கர் காக்கா டீ ஆற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தி அவனையே பார்த்தார். பிறகு வியாபாரிகள் பக்கம் திரும்பினார்.

"பாத்தீகளா? கூட இருந்தவன் தப்பத் தன் தலையில ஏத்துக்கிட்டு வேலையவே எறக்கிக்கிட்டு நிக்கிறான். மரைக்காயர் வளப்பு அப்படி. பெரிய மனுசன் இப்படித்தான் பேசுவான்."

வியாபாரிகள் அவனை மரியாதையோடு பார்த்தார்கள். ஒருவர் எழுந்து அவனுக்கு இடம் விட்டார். ஹமீது சுல்தான் இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். சொல்லச் சொல்ல அவர்கள் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது சித்தி ஜுனைதா முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"நம்புனாங்களா?"

"இல்ல லாத்தா."

"நானும் அன்னைக்கே பொம்பளைங்ககிட்டச் சொல்லிப் பாத்தேன். தம்பி மேல பொறாமையான்னு கேட்டாளுவ." அவள் மீனை அலசிச் சட்டியில் போட்டாள். "அந்தத் தம்பிய ஒருநா வீட்டுக்குக் கூட்டிட்டு வா. வாப்பா கேட்டுக்கிட்டே இருக்காரு."

"கூப்புட்டேன்" என்றான் ஹமீது சுல்தான். "வரலன்னுட்டாரு."

அவன் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினான். கழுவிய பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றான்.